தன்மை ஒருமை

தாலின். நவம்பர். மூன்றாம் மாடிக் குழு அறை.
மூலையில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான்.
காதில் ருஷ்ய மொழி நுழைந்தால்
வாயில் எஸ்தோனிய மொழி வரவேண்டும்.
சில நேரம் தலைகீழாக.
எங்கள் தொழிலுக்கு ஒரே இலக்கணம்:
பேசுகிறவர் 'நான்' என்றால்
நீயும் 'நான்' என்று சொல்.
'அவர் சொல்கிறார்' என்பது கற்றுக்குட்டிகளின் வேலை.

ஆகவே பத்து மணிக்கு நான் பில்லே,
ஆய்வுக்கூட வேதியியலாளர்.
அட்டவணையில் ஒரு பெயரை ஏற்றுகிறோம், என்கிறேன்.
நாற்பதாம் நாள்
எங்கோ ஒரு கை
அதன் கொம்பை ஒடித்து, காலை நீட்டி,
தலையில் ஒரு புள்ளி வைத்து
வேறு பெயராக்கி அனுப்புகிறது.
நாம் தடுக்கில் பாய்ந்தால் அவர்கள் கோலத்தில் பாய்கிறார்கள்.
அதனால்தான் இந்த மசோதா:
பெயரை விடுங்கள், எலும்புக்கூட்டைத் தடை செய்வோம்.
அதன் உப்புகள், எஸ்டர்கள்,
இன்னும் பிறக்காத தம்பி தங்கைகள் உட்பட.

பத்தே முக்காலுக்கு நான் உறுப்பினர் கால்யு.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறேன்:
இன்னும் இல்லாத ஒன்றைக் குற்றமாக்கலாமா?
அதே எலும்போடு நல்ல வலி மருந்து ஒன்று நாளை வந்தால்?
அரைப்புள்ளிக்குப் பிறகு 'அல்லது' வருமா, 'மற்றும்' வருமா?
இதற்கு மட்டும் இருபது நிமிடம்.

பிறகு நான் ரெய்கோ,
இரவெல்லாம் வேனில் ஊசி மாற்றிக் கொடுப்பவன்.
எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.
ஆனால் ஒவ்வொரு தடைக்கும் பிறகு
பையன்கள் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள்.
தாழிட்ட கதவுக்குப் பின்னால்
மூக்கில் மருந்தடிக்க ஆள் ஏது?
முன்பு ஒரு அடி போதும். இப்போது மூன்று.

இவ்வளவையும் ருஷ்ய மொழியாக்கி
ஒரே ஒரு காதில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
ஜினாயிதா, கோஹ்த்லா-யார்வெக்காரி,
சுரங்க கேன்டீனில் பரிமாறுகிறவள்,
முதல் பேருந்தில் வந்தவள்.
புகைப்படம் கொண்டுவரவில்லை.
நீதிமன்றத் தாள் ஒன்று, நான்காக மடித்தது.

அவள் எழுந்தாள்.
நான் பேசினேன்.

என் மகன் க்ளெப் மார்ச் பதினான்கில் செத்தான்.
அந்த நீளப் பெயர் உங்கள் அட்டவணையில் ஏறியது
மார்ச் இருபத்தைந்தில்.
விற்றவன் எங்கள் கட்டடம்தான், இரண்டாம் மாடி.
படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான்,
பையைத் தூக்கித் தரட்டுமா என்கிறான்.
சட்டம் பின்னோக்கி நடக்காதாம். புரிகிறது.
அரசு நின்று கொல்லும், தூள் அன்றே கொல்லும்,
அதுவும் புரிகிறது.
நான் கேட்க வந்தது வேறு:
நடுவில் அந்தப் பதினோரு நாள்
அது என்னவாக இருந்தது?

கூண்டில் இருமல் பொத்தான் ஒன்று உண்டு.
அழுத்தினால் ஒலிவாங்கி அடங்கிவிடும்.
அழுத்தினேன்.
எனக்குப் பிள்ளை கிடையாது.
இரண்டு மொழியிலும் மகன் என்பது ஓரசைச் சொல்,
வாய்க்கு வேலையே இல்லை,
சொல்லத் தொடங்குமுன் முடிந்துவிடும்.
நாலு விநாடி. ஐந்தும் இருக்கலாம்.
திரும்ப வந்து வாக்கியத்தை முடித்தேன்,
கேள்விக்குறியோடு.

யாரும் பதில் சொல்லவில்லை.
அதையும் அவள் காதுக்குள்
நான்தான் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது.

மசோதா அடுத்த புதன் இரண்டாம் வாசிப்புக்குப் போகிறது.
'மற்றும்' என்றே இருக்கட்டும் என்று முடிவு.

காதுக்கருவியைத் திருப்பித் தந்தபோது
இன்னும் சூடாக இருந்தது.
அந்தப் பெயரை இவர்கள் மொழியில்
எப்படிச் சொன்னீர்கள், என்று கேட்டாள்.
அதே பெயர்தான், என்றேன்.
அதை மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

ட்ராமில் உட்கார்ந்து பில் எழுதினேன்:
மூன்றரை மணி நேரம். பயணப்படி இல்லை.
பேசியவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.